பெரியப்பாவின் காலுக்கு எத்தனை மதிப்பெண்?

வாசகர் கடிதம்:

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

எனக்கு வயது 36. கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு 46 வயதில் சர்க்கரை வந்தது. பெரியப்பாவுக்கும் சர்க்கரை, போன வருடம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அத்தை டயாலிசிஸில் இருக்கிறார். சித்தி மகன் ஒன்பது வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்கிறான். என் மாமனாருக்கும் 48 வயதிலேயே வந்துவிட்டது. அவர் என் அம்மாவின் சொந்த அண்ணன்தான். மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு 62 வயது, அவருக்குச் சர்க்கரை கிடையாது. அம்மாவைப் பெற்ற பாட்டி காலில் ஆறாத புண்ணோடு இறந்தார்.

எனக்குச் சர்க்கரை உறுதியாக வந்துவிடுமா? "ரத்தத்திலேயே இருப்பதை யார் தடுக்க முடியும்? வரும்போது வரட்டும், அதுவரை நன்றாகச் சாப்பிடு" என்கிறார் அண்ணன். எச்சிலை எடுத்து மரபணு பார்த்துச் சொல்வதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். அதைச் செய்துகொள்ளலாமா? என் உயரம் 155 செ.மீ., எடை 66 கிலோ, இடுப்புச் சுற்றளவு 34 அங்குலம். நடைப்பயிற்சி எதுவும் இல்லை.

பின்குறிப்பு: இரண்டாவது பிரசவத்தின்போது எனக்குக் கொஞ்சம் சர்க்கரை இருந்தது. இன்சுலின் ஊசி போட்டார்கள். பையன் பிறந்ததும் சரியாகிவிட்டது. அவனுக்கு இப்போது ஐந்து வயது.

மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதம் முழுக்க உறவினர்களின் நோய்களை எழுதிவிட்டு, உங்கள் நோயைப் பின்குறிப்பில் தள்ளிவிட்டீர்கள். நான் அந்தப் பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். பெரியப்பா, அத்தை, மாமனார் எல்லோரையும் சேர்த்தாலும் அந்த நான்கு வாக்கியத்தின் கனத்துக்கு வரமாட்டார்கள்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கும். இது எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான். கணையம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இன்சுலின் சுரந்து அதை ஈடுகட்டும். பெரும்பாலான பெண்களின் கணையம் அந்தப் பாரத்தைத் தாங்கிவிடுகிறது. உங்களுடையது 31 வயதில் தாங்காமல் தடுமாறியிருக்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் சர்க்கரை இறங்கியது. அதற்கு "சரியாகிவிட்டது" என்று பெயர் வைத்துவிட்டோம். இறங்கியது பாரம்தான். சுமந்த தோள் அதே தோள்.

கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வராத பெண்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஏழு மடங்கு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2009ஆம் ஆண்டு வெளிவந்த கணக்கு இது. அதனால்தான் பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு முறையும், பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறோம். உங்களுக்கு அது நடந்ததாகக் கடிதத்தில் இல்லை. நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஆய்வகத்தில் உட்கார யாருக்கு வாய்க்கிறது? குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒவ்வொரு தேதியும் குறித்துக் கொடுக்கிறோம். தாய்க்கு அப்படி ஒரு அட்டை கொடுப்பதில்லை. அந்தக் குறை எங்கள் பக்கத்திலும் இருக்கிறது.

இனி குடும்பத்துக்கு வருவோம்.

"வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று எல்லா மருத்துவமனையிலும் கேட்கிறார்கள். உண்டு அல்லது இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், இப்படிக் கேட்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்றுதான். யாருக்கு, எந்த வயதில், எந்த வகை, குண்டாக இருந்தபோதா ஒல்லியாக இருந்தபோதா, பரிசோதனை செய்து தெரிந்ததா அல்லது ஊகமா என்பதெல்லாம் இல்லாத "உண்டு" எதற்கும் உதவாது. "இல்லை" என்ற பதில் அதைவிட ஆபத்தானது.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் போடுவது என் வழக்கம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோயுள்ளவருக்கு உள்ளே கோடு தீட்டி, கண்டுபிடித்த வயதைப் பக்கத்தில் எழுதுவேன். தெரியாதவருக்குக் கேள்விக்குறி. ஒரு நாள் ஒரு பெரியவருக்கு இப்படி வரைந்துகொண்டிருந்தேன். "எங்கள் வம்சத்திலேயே சர்க்கரை கிடையாது" என்றார். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டேன். காலில் ஆணி குத்தியதாம், புண் ஆறவில்லையாம், இரண்டு விரலை எடுத்தார்களாம். சர்க்கரை பார்த்தார்களா என்றேன். "அந்தக் காலத்தில் யார் சார் பார்த்தார்கள்?" என்றவர், சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்பா சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும் என்று அம்மா சொல்லுவாள்." நான் பேனாவை எடுத்து அந்தச் சதுரத்தைத் தீட்டினேன். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

உங்கள் பாட்டியின் ஆறாத புண்ணைப் படித்தபோது அந்த எறும்புதான் நினைவுக்கு வந்தது. பாட்டிக்கு உறுதியாகச் சர்க்கரை இருந்தது என்று இப்போது சொல்ல முடியாது; அவர் வட்டத்தில் கேள்விக்குறிதான் போட வேண்டும். ஆனால் பக்கத்திலேயே உங்கள் அம்மாவின் வட்டம் இருக்கிறது. வயது 62. சொந்த அண்ணனுக்கு 48இல் நோய். தாய்க்கு ஆறாத புண். "அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. பார்க்காத ஒருவருக்குச் சர்க்கரை இல்லை என்று சொல்ல வழியில்லை. தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், உங்கள் கணக்கே இதனால் மாறும்.

எப்படி என்று காட்டுகிறேன். நம் ஊர் மக்களுக்கென்றே சென்னையில் ஒரு எளிய மதிப்பெண் முறை உருவாக்கப்பட்டது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அது. ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. நான்கு விஷயம் போதும். வயது 35க்குக் கீழே என்றால் பூஜ்யம், 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பூஜ்யம், 80 முதல் 89 வரை 10, 90 தொட்டால் 20. ஆணுக்கு இந்த அளவுகள் பத்து பத்துக் கூடும். அடுத்து உடலுழைப்பு: கடுமையான வேலையும் பயிற்சியும் உள்ளவருக்குப் பூஜ்யம். இரண்டில் ஒன்று இருந்தால் 20. இரண்டும் இல்லாமல் உட்கார்ந்தே இருந்தால் 30. கடைசியாகக் குடும்பம்: பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 100. அறுபதைத் தொட்டால் அபாயம் அதிகம்.

உங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 20. இடுப்பு 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர், அதற்கு 10. நாள் முழுக்கக் கணக்குப் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருப்பதற்கு 30. அப்பாவுக்காக 10. ஆக 70. அம்மாவுக்கும் இருப்பது தெரியவந்தால் 80.

பெரியப்பாவின் காலுக்கு எத்தனை? பூஜ்யம். அத்தையின் டயாலிசிஸுக்கும் பூஜ்யம். இது அநியாயமாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. பெரியப்பாவிடமும் அத்தையிடமும் இருக்கும் எந்த மரபும் உங்கள் அப்பா வழியாகத்தான் உங்களிடம் வர முடியும். அப்பாவையே கணக்கில் எடுத்த பிறகு அவருடைய உடன்பிறந்தவர்களைத் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. பின்லாந்தில் உருவாக்கிய இன்னொரு மதிப்பெண் முறை இருக்கிறது. அதில் பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்ற பிள்ளை என்றால் 5, தாத்தா பாட்டி, மாமா, அத்தை என்றால் 3. அதிலும் இரண்டையும் கூட்டுவதில்லை, பெரியதை மட்டும்தான் எடுப்பார்கள். வெட்டப்பட்ட கால் நம்மைப் பயமுறுத்தும் அளவுக்கு நம் அபாயத்தைக் கூட்டுவதில்லை. கால் போனதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரையும் உணர்விழந்த பாதமும்தான் காரணம். அந்த இரண்டையும் யாரும் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. சிறுநீரகம் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. சர்க்கரையால் சிறுநீரகம் கெடுவது சில குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. நாளை உங்களுக்கோ அண்ணனுக்கோ சர்க்கரை என்று தெரிந்தால், அத்தையின் கதையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சித்தி மகனை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். ஒன்பது வயதில் இன்சுலின் என்றால் அநேகமாக அது முதல் வகை நீரிழிவு. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் செல்களை அழித்துவிடும் வேறொரு நோய் அது. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. அதில் கூடப்பிறந்தவர்களுக்கே நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான் வருகிறது. ஒன்றுவிட்ட அக்காவான உங்களுக்கு அதனால் கவலை வேண்டாம்.

திருமண விஷயத்தைத் தயக்கத்தோடு எழுதியிருப்பதாகத் தோன்றியது. மாமன் மகனைக் கட்டியதால் உங்கள் சொந்த அபாயம் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. பிள்ளைகளின் படத்தை வரையும்போதுதான் வித்தியாசம் தெரியும். இரண்டு தாத்தாக்களின் சதுரமும் தீட்டியிருக்கும். வேறு குடும்பங்களில் அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு கிளை விரிந்து போகும். உங்கள் வீட்டில் ஒரு கிளை திரும்பி வந்து அதே பாட்டியிடம் சேரும். ஆறாத புண்ணோடு இறந்த அந்தப் பாட்டி, உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் கொள்ளுப்பாட்டி. இதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. பிள்ளைகள் எடை கூடாமல் ஓடியாடி வளர வேண்டும், குறிப்பாக நீங்கள் சர்க்கரையோடு சுமந்த இரண்டாவது பையன். பத்து வயதுக்கு மேல் யாராவது பருமனாகி, கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலக் கறுத்தால் அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

மரபணுப் பரிசோதனைக்கு என் பதில்: வேண்டாம். இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஒரே ஒரு மரபணு பொறுப்பில்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து அபாயத்தைக் கூட்டுகின்றன. பொதுவாகக் காணப்படுவனவற்றுள் வலுவானது என்று 2006இல் கண்டறிந்த மரபணு மாற்றமே, ஒரு பிரதி இருந்தால் அபாயத்தைச் சுமார் 1.4 மடங்குதான் ஆக்குகிறது. கர்ப்பகாலச் சர்க்கரையின் ஏழு மடங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து எச்சிலில் தெரிந்துகொள்வதைவிடக் கூடுதலாக ஓர் அளவு நாடா சொல்லிவிடும். அளக்கும்போது பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

மரபணு பார்த்தே ஆக வேண்டிய குடும்பங்களும் உண்டு. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக, ஒல்லியான உடம்பில், 25 வயதுக்குள் சர்க்கரை வருகிறது என்றால் ஒரே மரபணுவால் வரும் அரிய வகையாக அது இருக்கலாம். அதில் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. சிலருக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு மாத்திரையிலேயே கட்டுக்குள் வைக்கலாம் என்பதால் கண்டுபிடிப்பதில் உண்மையான பலன் இருக்கிறது. 46, 48 என்று நோய் தொடங்கிய உங்கள் குடும்பம் அந்தச் சாயலில் இல்லை.

இப்போது அண்ணன். அவர் சொல்வதில் பாதி சரி. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் தலைமுறைகளாகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2000ஆம் ஆண்டில் வந்தது. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கு அபாயம் சுமார் மூன்றரை மடங்கு, இருவருக்கும் இருந்தால் ஆறு மடங்கு. ஆகவே ரத்தத்தில் இருக்கிறது என்பது பொய்யில்லை. ஆனால் ரத்தத்தோடு சேர்த்துச் சமையலறையும் தலைமுறை தாண்டி வருகிறது. தட்டு நிறையச் சோறு வைத்து ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் வைக்கும் கை, அம்மாவிடமிருந்து வந்த கை. ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் அபாயம் கால் பங்கு கூடுதலாக இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தத் தம்பதிகள் உங்களைப் போல உறவில் கட்டியவர்கள் இல்லை! ரத்தம் வேறு, சாப்பாடு ஒன்று.

"தடுக்க முடியாது" என்ற மறுபாதிதான் தவறு. அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்றவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. எடையில் ஏழு சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதுமே இலக்கு. நோயாக மாறுவது 58 சதவீதம் குறைந்தது. பிறகு அதே ஆட்களுக்கு, நான் மேலே சொன்ன அந்த வலுவான மரபணு மாற்றத்தைப் பார்த்தார்கள். அந்த மாற்றம் இருந்து, எதுவும் செய்யாமல் இருந்தவர்களுக்கு நோய் வேகமாக வந்தது. மாற்றம் இருந்தும் நடந்து, எடை குறைத்தவர்களிடம் அந்த வேகம் பெருமளவு அடங்கிவிட்டது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். அமெரிக்கக்காரன் உடம்பு வேறு என்பார், சொல்லட்டும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வந்தது. நம் ஆட்களிடமும் வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைந்தது. அமெரிக்க எண்ணைவிடக் குறைவுதான், மறைக்கவில்லை. நம் உடம்பு கொஞ்சம் பிடிவாதமானது.

உங்களைப் போலக் கர்ப்பகாலச் சர்க்கரை வந்து போனவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அந்த அமெரிக்க ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றத்தாலும் மெட்ஃபார்மின் மாத்திரையாலும் தனித்தனியே ஏறத்தாழ பாதி அபாயம் குறைந்தது. உங்கள் பரிசோதனை முடிவு இடைநிலையில் வந்தால் மருத்துவரிடம் இந்த மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

உறுதியாக வருமா என்ற கேள்விக்கு, உறுதியில்லை, ஆனால் வாய்ப்பு அதிகம் என்பதே நேர்மையான பதில். மேலே போட்ட 70 மதிப்பெண்ணில் உங்கள் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இடமே இல்லை. ஆகவே அந்த எண் உங்களைக் குறைத்தே சொல்கிறது. இடுப்பை 80 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்து தினமும் நடந்தால் 70 என்பது 50 ஆகும். ஏழு சதவீதம் என்பது உங்களுக்கு நாலரைக் கிலோ. ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் இடையில் முடியக்கூடிய வேலை.

அதற்கு முன்னால் இன்றைய நிலை தெரிய வேண்டும். வெறும் வயிற்று ரத்தம் மட்டும் போதாது. நம் பெண்களில் பலருக்கு வெறும் வயிற்றில் ஒழுங்காக இருந்து, சாப்பிட்ட பிறகே ஏறும். மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் ரத்தசோகை இருந்தால் தவறான எண் காட்டும். ஆகவே 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையே செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழும், குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140க்குக் கீழும் இருந்தால் நல்லது. 126, 200 என்ற எண்களில் ஒன்றைத் தொட்டாலே நீரிழிவு என்று சந்தேகித்து, இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். நடுவில் இருப்பதுதான் நான் சொன்ன இடைநிலை.

பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சோற்றை நிறுத்திப் பத்தியம் இருந்து, "பாஸ்" ஆக வேண்டும் என்று வருபவர்கள் உண்டு. தேர்வு எழுதுவது நீங்கள் இல்லை, உங்கள் கணையம். முந்தைய மூன்று நாளும் வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். இரவு எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருந்து, காலையில் காபி குடிக்காமல் போங்கள். குளுக்கோஸ் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடித்துவிட்டு, இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருங்கள். கடைக்குப் போய்வரலாம் என்று கிளம்பினால் நடந்த நடையில் எண் மாறிவிடும்.

பேச்சுத் துணைக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். அவருக்கும் ஒரு டம்ளர் கலக்கச் சொல்லுங்கள்.